புளிக்காத ஊர்

முறிகுளத்தில் அழுகல் நின்றுபோனது ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மழை பொய்த்த வருசத்தையும் டவுன் பஸ் நின்றுபோன வருசத்தையும் சொல்வதுபோலத்தான் அதையும் அந்த ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். முதலில் கண்டுகொண்டவள் கீழத்தெரு வெயிலுகந்தாள். இட்லி மாவு அரைத்து விற்கிறவள், மற்றவர்கள் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்க்கிற நேரத்தில் மாவுப் போகணியைத் திறந்து பார்க்கிறவள். அன்றைக்குத் திறந்தபோது மாவு முந்தின சாயங்காலம் விட்ட மட்டத்திலேயே கிடந்தது. நுரை இல்லை, குமிழ் இல்லை, விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் பச்சை அரிசியும் பச்சை உளுந்துமாக ருசித்தது.

தன் கைதான் கெட்டுவிட்டதோ என்று அவள் பயந்தாள். மாவைக் கரண்டியால் கலக்கினால் பொங்காது, கை போட்டுத்தான் கரைக்க வேண்டும், அதிலும் எல்லாக் கையும் ஒன்றல்ல. அவள் அம்மா சொர்ணத்தம்மாளின் கை புளிக்கிற கை. கல்யாண வீடுகளில் எத்தனை பேர் மாவாட்டினாலும் கடைசியில் உப்புப் போட்டுக் கரைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கை போன வாரம்தான் மண்ணுக்குள் போயிருந்தது. அம்மா போகும்போது புளிப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்து வெயிலுகந்தாள் போகணியின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். பிறகு பக்கத்து வீட்டில் பால் உறையவில்லை என்று சத்தம் கேட்டது, எதிர்வீட்டில் பழைய சோறு புதுச் சோறாகவே இருக்கிறது என்றார்கள், மீன்காரர் முந்தாநாள் சாளையைக் கூடையில் வைத்துக்கொண்டு இன்றைக்குப் பிடித்தது என்று கூவிப் போனார், அது பொய் என்று மூக்கை வைத்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

முறிகுளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலத்தெரு, கீழத்தெரு என்று குழாயடியிலிருந்து சுடுகாடு வரைக்கும் பிரிந்து கிடக்கிற அந்த ஊர் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போகும். அடக்கம் முடிந்து பால் தெளிக்கிற அன்றைக்கு, பெற்ற பிள்ளை குழிமேட்டில் நவதானியம் விதைக்க வேண்டும். அது முளைத்து விரல் உயரம் வந்ததும், விதைத்த கையே ஒரு பிடி பிடுங்கிக் குளத்தில் விட வேண்டும். அதன் பிறகுதான் செத்தவர் போனதாகக் கணக்கு. அதுவரைக்கும் அவர் வீட்டில்தான் இருக்கிறார். மூலையில் அவருக்கு ஒரு செம்புத் தண்ணீரும் ஒரு உருண்டைச் சோறும் இருக்க வேண்டும், அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது, பிள்ளை தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. வெயிலுகந்தாள் அம்மாவுக்குத் தானியம் விதைத்த மறுநாள்தான் அழுகல் நின்றது. விதை முளைக்க வேண்டுமென்றால் முதலில் அதன் தோல் ஊறி அழுக வேண்டும். தோல் அழுகவில்லை. குழிமேட்டில் ஒன்பது தானியமும் பலசரக்குக் கடை சாக்கில் இருப்பதுபோலப் பளபளவென்று கிடந்தன, அம்மா போக வழியில்லாமல் மூலையில் இருந்தாள்.

ஊருக்கு இதெல்லாம் ஒரு கவலையா? ஊர் கொண்டாடியது. தக்காளி கெடவில்லை, கறி கெடவில்லை, ஃபிரிட்ஜ் வைத்திருந்தவர்கள் அதை அணைத்துவிட்டு உள்ளே புடவை அடுக்கினார்கள், ஒரு முழம் பிச்சிப்பூவை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு பெண்கள் கோயிலுக்குப் போனார்கள், பூக்காரி மட்டும் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். பதநீர் கள்ளாகவில்லை என்று சில ஆண்பிள்ளைகளுக்கு வருத்தம் இருந்தது, அதை யாரிடம் போய்ப் புகார் சொல்வது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. இட்லி கல்லாக இருந்தபோது சோடா உப்பைப் போட்டார்கள், தயிருக்குப் பதிலாக மோரில் எலுமிச்சை என்றார்கள், மோர் ஏது என்று யாரும் கேட்கவில்லை, எலுமிச்சைத் தண்ணீரையே மோர் என்று குடித்துப் பழகிக்கொண்டார்கள். பேரூராட்சித் தலைவர் தெய்வநாயகம் ஊர் முகப்பில் 'நாற்றமில்லா முறிகுளம் உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று ஒரு வளைவு கட்டினார், பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து குப்பைமேட்டை மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் குப்பைமேட்டைப் பற்றிச் சொல்லாமல் எப்படி. முறிகுளத்தார் சுத்தக்காரர்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீட்டுக்குள் ஒற்றை முடி கிடந்தாலும் குனிந்து எடுப்பார்கள். எடுத்த முடியை, காய்த்தோலை, மீந்த சோற்றை, சாமிக்குப் போட்ட மாலையை, பிள்ளையின் டயப்பரை, எல்லாவற்றையும் ஒரே கேரிப் பையில் திணித்து, காற்றுப் புகாமல் இழுத்து, இரட்டை முடிச்சுப் போடுவார்கள். மக்குகிற குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம் என்று பேரூராட்சி வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்தபோது, பச்சையில் அரிசியையும் நீலத்தில் குளிக்கிற தண்ணீரையும் வைத்துக்கொண்டார்கள். முடிச்சுப் போட்ட பை வாசலைத் தாண்டிவிட்டால் அது உலகத்திலேயே இல்லை. ஆனால் அது இருந்தது. கீழத்தெரு சுடுகாட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, ஏனென்றால் அதைக் கொண்டுபோய்க் கொட்ட அந்த ஊருக்கு வேறு இடமே தோன்றவில்லை. மேலத்தெரு சுடுகாட்டுக்குக் காம்பவுண்டுச் சுவரும் இரும்புக் கதவும் உண்டு. கீழத்தெருக்காரர்கள் தங்கள் பிணங்களை மூக்கைப் பொத்திக்கொண்டு புதைத்தார்கள், இப்போது நாற்றம் இல்லையே, உங்களுக்குத்தானே லாபம் என்று ஊர் அவர்களைப் பார்த்துச் சொன்னது.

நாற்றம் இல்லாததால் மேடு வளர்ந்ததும் யார் கண்ணிலும் படவில்லை. முன்பெல்லாம் போட்டது கொஞ்சமாவது அமுங்கும், இப்போது போட்டது போட்டபடி கிடந்தது. வெயிலுகந்தாள் தினமும் மாவு விற்று முடித்ததும் சைக்கிளில் அங்கே போய் அம்மாவின் குழிமேட்டில் தண்ணீர் தெளித்தாள், தானியத்தை விரலால் புரட்டிப் பார்த்தாள், திரும்பி வந்தாள். மூலையில் வைத்த சோறு வைத்த அன்றைக்குப் போலவே வெள்ளையாக இருந்தது, புதிதாக வைக்கவே தேவையில்லை. எறும்புகூட அதைத் தொடவில்லை. அம்மாவைப் பார்க்காமல் சாப்பிட அவளுக்கு முடியவில்லை, பார்த்துக்கொண்டே சாப்பிடவும் முடியவில்லை.

புரட்டாசியில் வயலுக்கு எரு இல்லை என்ற பேச்சு வந்தது, சாணம் காய்ந்து சாணமாகவே கிடந்தது. அப்போதுதான் ஊர் முழித்தது. செல்போன் கோபுரத்தால் என்றார்கள், பைபாஸ் ரோட்டால் என்றார்கள், கடைசியில், அழுகல் கோபித்துக்கொண்டு போயிருக்கிறது, சாமிக்கு நடத்துகிற மாதிரி ஒரு கொடைவிழா நடத்தி அழைத்தால் வந்துவிடும் என்று முடிவாயிற்று. நடத்தினார்கள். வீட்டுக்கு வீடு வரி வசூலித்து, சேர்மன் தெய்வநாயகம் கைகூப்பி நிற்கிற ஃபிளெக்ஸ் முப்பது அடிக்குக் கட்டி, மேளம் வைத்து, ஊர் முழுக்கச் சாப்பாடு போட்டார்கள். சுற்றிலும் வாழைத் தோட்டம் இருக்கிற ஊர் அது. அந்த ஊரில், அழுகலைக் கூப்பிடுகிற பந்தியில், வாழையிலை மாதிரியே பச்சையில் நரம்பு அச்சடித்த பிளாஸ்டிக் இலையை விரித்தார்கள். பாக்கெட் தண்ணீர், தெர்மகோல் கிண்ணத்தில் பாயசம், அதைக் குடிக்க ஒரு பிளாஸ்டிக் கரண்டி. இப்படி ஒரு கூத்தை வேறு எந்த ஊரிலாவது பார்க்க முடியுமா? சாப்பிட்டு முடித்ததும் அத்தனையையும் சுத்தமாகச் சுருட்டி, கறுப்புப் பைகளில் அடைத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, டிராக்டரில் ஏற்றினார்கள்.

மறுநாள் காலையில் வெயிலுகந்தாள் தண்ணீர்ச் செம்போடு போனபோது அம்மாவின் குழிமேடு இல்லை. அந்த இடம் முழுவதும் கொடையின் கறுப்புப் பை, நடுநடுவே வீட்டு முடிச்சுப் போட்ட கேரிப் பைகள். தலைமாட்டில் நட்டிருந்த கல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. பேரூராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிற மாடத்தி ஓரத்தில் நின்றாள், கீழத்தெருக்காரிதான், வெயிலுகந்தாளுக்கு நாத்தனார் முறை.

"மைனி, நான் என்ன செய்ய. பழைய எடத்துல டிராக்டர் ஏறல. இங்ஙன தள்ளுன்னாவ, தள்ளுனேன்."

அவளை அறைந்துவிடலாம் என்றுதான் வெயிலுகந்தாளுக்கு முதலில் கை எழுந்தது. மாடத்தியின் மாமனாரும் அதே பைகளுக்கு அடியில்தான் கிடந்தார் என்று ஞாபகம் வந்ததும் கையை இறக்கினாள். செம்பைக் கீழே வைத்தாள், சேலையை வரிந்து கட்டினாள், முதல் பையை இழுத்தாள்.

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. முறிகுளத்தில் அதற்குப் பிறகு யார் கோபப்பட்டாலும், வெயிலுகந்தா கோபத்துல பாதி வருமா என்றுதான் கேட்டார்கள். பைகளைத் திறக்கத் திறக்க அவளுக்கு ஒன்று விளங்கியது. ஒன்றும் அழுகாததால் எல்லாமே முகத்தோடு இருந்தன. வருசக்கணக்காக வீடு வீடாக மாவு கொடுத்தவள், எந்த வீட்டில் என்ன சமைப்பார்கள், எந்தக் கடையில் வாங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். இது வாத்தியார் வீட்டுக் கீரைத்தண்டு, நாலு இலையைக் கிள்ளிவிட்டுக் கட்டோடு எறிந்தது. இது மருந்துக்கடைக்காரர் வீட்டுச் சோறு, ஒரு குண்டான், கை படவே இல்லை. இது சேர்மன் பேத்தியின் பிறந்தநாள் கேக், பெயரில் பாதி இன்னும் ரோஸ் நிறத்தில் இருக்கிறது. முடிச்சைப் பார்த்தே அவள் வீட்டைச் சொன்னாள், இடக்கை முடிச்சு, பல்லால் கடித்து இழுத்த முடிச்சு, மூன்று முறை சுற்றிய முடிச்சு. நடுவில் ரப்பர் பேண்டு போட்ட மாவுக் கவர்கள் கொத்துக் கொத்தாக வந்தன. அவை அவளுடையவை. அவற்றையும் தனியாக எடுத்து வைத்தாள்.

சோற்றையும் தோலையும் பூவையும் இலையையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மற்றதை அந்தந்தப் பையிலேயே போட்டுச் சைக்கிளில் ஏற்றி, அந்தந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தாள். கோலத்தின் மேலேயே வைத்தாள். தன் மாவுக் கவர்களைத் தன் வாசலில் கொட்டினாள். ஊர் கொதித்தது. மானம் போயிற்று என்றார்கள், பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள், இனி அவளிடம் மாவு வாங்குவதில்லை என்றார்கள், அந்தப் பொங்காத மாவை ஏற்கெனவே யாரும் வாங்கவில்லை என்பதை மறந்துபோய். சேர்மன் தெய்வநாயகம் தன் வாசலில் அவளை மறித்துக் கேட்டார்.

"ஊர் அசிங்கத்த ஊருக்குள்ளயே கொண்டாந்து வைக்கியே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"எங்கம்மைக்க நெஞ்சு மேல கெடந்துது அண்ணாச்சி. ஒங்க வீட்டு முடிச்சு. நீங்களே வச்சுக்கிடுங்க."

ஒதுக்கி வைத்ததை எல்லாம் என்ன செய்வது என்று அவள் யோசிக்கவே இல்லை. அம்மாவின் தலைக்கல்லைக் கண்டுபிடித்துக் குழிமேட்டைச் சுத்தம் செய்த பிறகு, அதன் கால்மாட்டில் அவற்றைக் குவித்தாள். குளத்துக் கரம்பை மண்ணை வெட்டி ஒரு அடுக்கு, வேப்பஞ்சருகு ஒரு அடுக்கு, மறுபடி சோறு, மறுபடி மண். கிரைண்டர் கழுவிய தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றினாள். பிறகு முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து மேலே, அடியிலிருந்து மேலே, மாவு கரைக்கிற மாதிரியே பிசைந்தாள். நம்பிக்கையில் செய்யவில்லை, ஆத்திரத்தில் செய்தாள். பிசையப் பிசையத் திட்டினாள். மூச்சு முட்டக் கட்டுனியளே, உள்ள இருக்கது எப்பிடிலே அழுகும், காத்த விட்டியளா, மண்ணக் காட்டுனியளா, கழுத்த நெரிச்சுல்லா அனுப்புனிய, அது செத்துதான் போச்சு, எங்கம்மையும் சேந்து மாட்டிக்கிட்டா என்று ஒவ்வொரு வீட்டுக்காரர் பெயரையும் சொல்லித் திட்டினாள். மாடத்தி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் வந்து உட்கார்ந்து கையை விட்டாள். பேரூராட்சிக் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் விட்டாள்.

அப்படித் தினமும் போனார்கள், தினமும் பிசைந்தார்கள். ஐப்பசி மழை ஒரு தூறல் போட்ட காலையில் வெயிலுகந்தாள் கையை விட்டபோது குவியல் சுட்டது. காய்ச்சல்காரர் நெற்றிபோல உள்ளே சுட்டது, மேலே ஆவி எழுந்தது. ஆவியோடு சேர்ந்து, ஊர் மறந்தே போயிருந்த அது வந்தது. நாற்றம். புளித்த, ஊறின, தொண்டையைப் பிடிக்கிற நாற்றம். வெயிலுகந்தாள் குனிந்து அதை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் கரைத்து வைத்த மாவு மறுநாள் போகணியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழிந்து கிடந்தது. மாடத்தி வீட்டில் பால் உறைந்தது. ஆனால் குழிமேட்டில் தானியம் அசையவில்லை, மூலையில் அம்மாவின் சோற்று உருண்டை மட்டும் பழையபடி வெள்ளையாகவே இருந்தது.

மற்ற வீடுகளில் ஒன்றும் புளிக்கவில்லை. கீழத்தெருவில் நாலு பேர் வந்து, தங்கள் பைகளைத் தாங்களே அவிழ்த்து, குவியலில் கை வைத்துப் பிசைந்துவிட்டுப் போனார்கள், மறுநாள் அந்த நாலு வீட்டிலும் மாவு பொங்கியது. விசயம் மேலத்தெருவுக்குப் போயிற்று. அவர்களுக்கும் இட்லி வேண்டும்தானே. அதனால் ஆள் அனுப்பினார்கள். வாத்தியார் வீட்டு முடிச்சைக் கூலிக்கு வந்தவர் அவிழ்த்தார், மருந்துக்கடைக்காரர் வீட்டுச் சோற்றைத் தோட்டக்காரர் பிசைந்தார், மேலத்தெருப் பெண்கள் காலையில் ஆசையோடு பாத்திரத்தைத் திறந்தால் மாவு அசையாமல் கிடந்தது. கூலிக்காரர் வீட்டு மாவும் தோட்டக்காரர் வீட்டு மாவும் மூடியைத் தூக்கி எறிந்துகொண்டு பொங்கின. மேலத்தெரு இதை ஏமாற்று வேலை என்றது. உடனே நாற்றத்தை எதிர்த்து ஒரு மனு எழுதி, தெருவே கையெழுத்துப் போட்டுச் சேர்மனிடம் கொடுத்தது.

சேர்மன் ஜேசிபியோடு வந்தார். மூக்கில் கைக்குட்டை. அவர் வந்தபோது வெயிலுகந்தாள் குவியலின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள், மாடத்தி அம்மாவின் தலைக்கல்லில் சாய்ந்து நின்றாள். வண்டியின் இரும்புக் கை ஒருமுறை மேலே போய் அப்படியே நின்றது. எழுந்திரு, பத்திரிகைக்காரன் வருவான், வளைவில் எழுதி வைத்திருக்கிறது என்றெல்லாம் அவர் சொன்னார். அவள் குவியலை விட்டு இறங்கவில்லை. கடைசியில் அவர் டிரைவரைத் தூரப் போகச் சொன்னார், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். கொடைக்கு முந்தின வாரம் அவருடைய அப்பா இறந்துபோயிருந்தார். மேலத்தெரு சுடுகாட்டில் டைல்ஸ் பதித்த கரையோடு குழி.

"எங்க அய்யாவுக்கும் முளைக்கல, தாயி," என்றார் மெதுவாக. "மூலையில உக்காந்து என்னையே பாக்காரு. ஆளு விட்டுப் பிசையச் சொன்னேன். ஒண்ணும் நடக்கல."

வெயிலுகந்தாளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று அவளே எதிர்பார்த்தாள், வரவில்லை. அம்மாவின் குழி மேல் குப்பை விழுந்தபோது இந்த மனுசன் ஃபிளெக்ஸில் கைகூப்பி நின்றான். எழுந்து ஒதுங்கி, குவியலைக் காட்டினாள்.

"கைய விடுங்க."

அவர் மோதிரங்களைப் பார்த்தார், வெள்ளைச் சட்டையின் கையைப் பார்த்தார். வேறு ஏதாவது வழி என்று ஆரம்பித்தார்.

"நாறுதுன்னுல்லா மனு குடுத்திய. அது ஒங்க வீட்டு நாத்தம்தான். கைய விடுங்க அண்ணாச்சி."

தெய்வநாயகம் சட்டைக் கையை மடக்கினார், குந்தி உட்கார்ந்தார், விட்டார். மணிக்கட்டு வரை விட்டவரை அவள் முழங்கை வரைக்கும் விடச் சொன்னாள். உள்ளே சூடு பட்டதும் அவர் முகம் கோணிப்போயிற்று, ஆனால் கையை எடுக்கவில்லை. சுடுதே, உள்ள ஆள் இருக்க மாதிரில்லா சுடுது என்றார். பேத்தியின் கேக், வீட்டுச் சோறு, அப்பாவுக்குப் போட்ட மாலை, எல்லாம் விரலுக்குள் குழைந்து போவதை அவர் உணர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த இடத்திலேயே ஊர்ப் பெரிய மனுசன் மூக்கு ஒழுக அழுதார். வெயிலுகந்தாள் அவரைத் தேற்றவில்லை. நாளைக்கும் வர வேண்டும், வீட்டுப் பைகளை அவரே தலையில் தூக்கிக்கொண்டு வர வேண்டும், முடிச்சுகளை அவரே அவிழ்க்க வேண்டும், மேலத்தெருவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று சொன்னாள். வராவிட்டால் மறுபடியும் கோலத்தின் மேல் வைப்பேன் என்றாள். கேட்டதையெல்லாம் அவர் தலையாட்டி ஒப்புக்கொண்டார். ஜேசிபி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அவர் பிசைந்துவிட்டுப் போன மண்ணில் ஒரு பிடியை அவள் அள்ளி அம்மாவின் மேட்டில் பரப்பி, தானியத்தை அதற்குள் அழுத்தி, தண்ணீர் தெளித்தாள். சேர்மன் தலையில் மூட்டையோடு வந்த காலையில், மண்ணைப் பிளந்துகொண்டு முதலில் வந்தது உளுந்து. பிறகு மற்றவையும் வந்தன. விரல் உயரம் ஆனதும் ஒரு பிடி பிடுங்கினாள். குளத்தின் கரையில் கொடையன்றைக்குப் பறந்து வந்த பச்சை பிளாஸ்டிக் இலைகள் ஒதுங்கிக் கிடந்தன. ஊரைத் திட்டிக்கொண்டே அவற்றைக் காலால் விலக்கி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முளையை விட்டாள்.

ஈரச் சேலையோடு வீட்டுக்கு வந்தாள். மூலையில் இருந்த சோற்று உருண்டையை எடுத்து மோந்து பார்த்தாள். கெட்டுப்போயிருந்தது.

அம்மா போய்விட்டாள்.